லைன் வராத தோப்புக்குக் கேமரா: எந்த வழியில் பார்ப்பது?

போர்வெல் மோட்டாரின் காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போவது, இரவோடு இரவாகத் தேங்காய் இறக்குவது, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கம்பி கட்டைக் கிளப்புவது எல்லாம் ஃபைபர் லைன் போகாத இடங்களில்தான் அதிகம் நடக்கின்றன. அங்கே கேமரா மாட்டுவதில் சிரமம் இல்லை. அதை வீட்டிலிருந்து பார்ப்பதில்தான் பணம் வீணாகிறது. கடைக்காரர் எதை விற்கிறாரோ அதுவே சிறந்தது என்பார். சிம் கேமரா, 4ஜி ரௌட்டர், வயர்லெஸ் பிரிட்ஜ் (இரண்டு கட்டடங்களை ஒயர் இல்லாமல் ரேடியோவால் இணைப்பது), ஏர்ஃபைபர் (5ஜி சிக்னல் வழியாக வரும் வீட்டு இணைப்பு), சாட்டிலைட் என ஐந்து வழிகள் இருக்கின்றன. எது உங்கள் இடத்துக்குச் சரி என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: நெட் உள்ள கட்டடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் அப்லோடு எவ்வளவு கிடைக்கிறது, கரண்ட் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது. கேமராவின் மெகாபிக்சலைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

முதலில் டேட்டா கணக்கு

எந்த வழியானாலும் முதலில் இந்தக் கணக்கு தெளிவாக வேண்டும். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றை ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில், நொடிக்கு 15 ஃபிரேம் வைத்தால் சுமார் 1.5 எம்பிபிஎஸ் கேட்கும். ஒரு நாளைக்கு அது 16 ஜிபி. நான்கு கேமராவுக்கு 65 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் சிம்மில் இதை க்ளவுடுக்கு ஏற்றிச் சேமிக்கப் போவதாக யாராவது சொன்னால் அவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

ஆகவே பதிவு அங்கேயே நடக்க வேண்டும், என்விஆரின் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) ஹார்டு டிஸ்கிலோ கேமராவில் செருகிய மைக்ரோ எஸ்டி கார்டிலோ. நெட் வழியாக வர வேண்டியது இரண்டே இரண்டுதான்: ஆள் நடமாட்டம் தெரிந்ததும் ஒரு படத்தோடு அலர்ட், நீங்கள் ஆப்பைத் திறக்கும்போது நேரலை. அலர்ட் படம் சில நூறு கேபிக்குள் முடிந்துவிடும். நேரலைக்கு ஒவ்வொரு கேமராவிலும் சப் ஸ்ட்ரீம் என்று இரண்டாவது, சிறிய ஓட்டம் ஒன்று உண்டு. அதை 640×360 அளவில் 384 கேபிபிஎஸ் என வைத்தால் ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்க்க 173 எம்பி போதும். நான்கையும் ஒரே திரையில் பத்து நிமிடம் பார்த்தால் 115 எம்பி. தினம் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பவருக்கு 1.5 ஜிபி பேக்கே மிச்சப்படும்.

வீட்டு டிவியில் தோப்புக் கேமரா நாள் முழுவதும் ஓட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. நான்கு சப் ஸ்ட்ரீமும் 24 மணி நேரம் ஓடினால் 16 ஜிபிக்கு மேல் ஆகும். அவர்கள் நேராகப் பிரிட்ஜ் பகுதிக்குப் போகலாம்.

அப்லோடு பற்றி ஒரு எச்சரிக்கை. போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு எண். கேமராவுக்கு வேண்டியது அதன் பக்கத்தில் சின்னதாக நிற்கிற மற்ற எண். பகல் 11 மணிக்கு 8 எம்பிபிஎஸ் காட்டிய இடம் இரவு 9 மணிக்கு 0.6 காட்டலாம். ஊரே ரீல்ஸ் பார்க்கிற நேரம் அது. எனவே இரவு 7 முதல் 10 வரை, மூன்று நாள், கேமரா வரப்போகும் இடத்திலேயே நின்று அளக்க வேண்டும். போனை 4ஜிக்கு மட்டும் என மாற்றிவிட்டு அளக்க வேண்டும். 5ஜியில் வந்த எண் 4ஜி ரௌட்டருக்கு உதவாது. நான்கு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் அப்லோடு குறையாமல் நின்றால் போதும்.

அருகில் நெட் உள்ள வீடு இருந்தால்: வயர்லெஸ் பிரிட்ஜ்

தோப்பிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உங்கள் வீடோ சொந்தக்காரர் வீடோ ஃபைபர் இணைப்போடு இருந்து, ஒரு மாடியிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரிந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மாத ரீசார்ஜ் கிடையாது, டேட்டா வரம்பு கிடையாது. இரண்டு முனையும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடுவதால் வீட்டுக்குள்ளிருந்து பார்க்க இன்டர்நெட்டே தேவையில்லை. என்விஆரைக்கூடத் தோப்பில் வைக்காமல் வீட்டு அலமாரியில் வைக்கலாம். கேமராவை உடைத்தாலும் பதிவு வீட்டில் பத்திரமாக இருக்கும். மற்ற வழிகளில் எதிலும் இந்த வசதி கிடையாது.

வேண்டியது 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோ இரண்டு. டிபி-லிங்க் சிபிஇ510 போன்ற 13 டிபிஐ (ஆன்டெனா அலையைக் குவிக்கும் திறனின் அளவு) கருவி ஒரு கிலோமீட்டர் வரை தாராளம். அதற்கு மேல் யுபிக்விட்டி லைட்பீம் 5ஏசி போன்ற 23 டிபிஐ டிஷ் எடுப்பது நல்லது. பெட்டியில் 15 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது கண் முன் தடையே இல்லாத சோதனைக் கணக்கு. உரிமம் பற்றிய பயம் வேண்டாம். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைகள், 5725 முதல் 5875 வரையிலான பகுதி உட்பட, 2018-இல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டன. ரேடியோவில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் சக்தி வரம்பை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் மரத்தால் தோற்கிறார்கள். எதிர் மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்த ஒரு சுரைக்காய் வடிவத்தில் போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியின் ஆரம் 3.6 மீட்டர், 2 கிலோமீட்டருக்கு 5.1, 3 கிலோமீட்டருக்கு 6.2. அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். அதாவது 2 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில் உள்ள உயரமான மரத்தின் உச்சிக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி வேண்டும். நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும். மோட்டார் ரூம் மேல் 3 மீட்டர் பைப் நட்டுவிட்டுத் தென்னைக்கு நடுவே அனுப்பினால் வெயில் காலத்தில் ஏதோ ஓடும். மழையில் மட்டை நனைந்ததும் அறுந்துபோகும், காற்றடித்தால் விட்டுவிட்டு வரும். ஓலை நடுவே இருக்கிறதென்றால் இந்த வழியை விட்டுவிடுவது உத்தமம். தோப்பின் ஓரத்தில், வயல் பக்கமாகத் திறந்த ஒரு மூலை இருந்தால் அங்கே கம்பம் நட்டு, அதிலிருந்து மோட்டார் ரூமுக்குக் கேட்6 ஒயர் இழுக்கலாம். கேட்6 ஓட்டம் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு மீடியா கன்வர்ட்டரும் ஃபைபர் ஒயரும் போட வேண்டும். இடி விழும் இடத்தில் ஃபைபர்தான் பாதுகாப்பும்கூட.

மாட்டும் முறை: இரண்டு ரேடியோவையும் முதலில் வீட்டு மேஜையில் வைத்து ஜோடி சேர்த்துவிடுங்கள். வீட்டுப் பக்கம் ஆக்சஸ் பாயிண்ட், தோப்புப் பக்கம் ஸ்டேஷன், இரண்டிலும் பிரிட்ஜ் மோடு. ரேடியோக்களுக்கு 192.168.1.241, 242 என்று நிலையான ஐபி கொடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும், நான்கு கேமராவின் 6 எம்பிபிஎஸ்ஸுக்கு அதுவே பல மடங்கு. 80 வைத்தால் இரைச்சலும் சேர்ந்து உள்ளே வரும். ரேடார் பகிர்ந்துகொள்ளும் நடுச் சேனல்களைத் தவிர்த்து 149 முதல் 165 வரையிலான சேனல்களில் ஒன்றை வையுங்கள். மேலே ஏறிய பிறகு ஒருவர் திருப்ப, ஒருவர் சிக்னல் எண்ணைப் படிக்க வேண்டும். மைனஸ் 50 முதல் மைனஸ் 65 டிபிஎம் வரை வந்தால் இறுக்கிவிடலாம். மைனஸ் 75-க்கும் கீழே இறங்கினால் நாளை மழையில் தொல்லை. இந்த ரேடியோக்கள் 24 வோல்ட் பாஸிவ் பிஓஇயில் (லேன் ஒயர் வழியாகவே கரண்ட் கொடுக்கும் முறை) ஓடுபவை. கேமராவுக்கான 48 வோல்ட் சுவிட்சில் நேரே செருக வேண்டாம், பெட்டியோடு வந்த இன்ஜெக்டரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒரு குறை மறக்கப்படுகிறது. வீட்டில் கரண்ட் போனால் தோப்பும் கண்ணை மூடிக்கொள்ளும். வீட்டு இன்ஜெக்டர், ஃபைபர் மோடம், என்விஆர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு: 4ஜி ரௌட்டரும் என்விஆரும்

வீடு தொலைவிலோ மரம் குறுக்கிலோ இருந்து, கேமரா மூன்று அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் இதுதான் வழி. ஏற்கெனவே 3+1 கேபிளில் (அனலாக் கேமரா ஒயர்) ஓடும் பழைய டிவிஆர் இருந்தாலும் அதன் லேன் போர்ட்டில் ரௌட்டரைச் செருகினால் போதும், கேமராவை மாற்ற வேண்டாம்.

ரௌட்டர் என்றால் லேன் போர்ட் உள்ள, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ரௌட்டர். பாக்கெட் ஹாட்ஸ்பாட்டும் பழைய போனும் இதற்கு ஆகாது. நாள் முழுக்கச் சார்ஜில் கிடந்து, தகரக் கூரைச் சூட்டில் பேட்டரி உப்பிவிடும். கரண்ட் போய் அணைந்தால் தானாக எழாது, ஹாட்ஸ்பாட்டும் தானாக ஆன் ஆகாது.

வாங்கும்போது பேண்டை, அதாவது எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பதைப் பாருங்கள். ஜியோ 4ஜிக்கு பேண்ட் 3, 5, 40. ஏர்டெலுக்கு 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 1, 28. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 3ஜியில் ஓடிய பழைய டாங்கிளை இப்போது தூக்கிப் போட வேண்டியதுதான். பேண்ட் 40 வேகமாகத் தெரியும். ஆனால் அது ஒரே அலைவரிசையை டவுன்லோடும் அப்லோடும் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை, நேரத்தின் பெரும்பகுதி டவுன்லோடுக்கே போகிறது. மாலையில் அப்லோடு நொண்டினால் ரௌட்டர் அமைப்பில் பேண்ட் 3-க்கோ 5-க்கோ பூட்டிப் பாருங்கள். டவுன்லோடு பாதியாகி, அப்லோடு இரட்டிப்பாவது உண்டு. கேமராவுக்கு அது லாபம். பேண்ட் பூட்டும் வசதி உள்ள ரௌட்டரா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

சிக்னலைக் கோடுகளால் அளக்காதீர்கள். ரௌட்டர் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்றொரு சிக்னல் பல எண் இருக்கும். மைனஸ் 85 அல்லது அதைவிட மேலே என்றால் நன்று. மைனஸ் 100 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110-க்குக் கீழே போனால் வெளி ஆன்டெனா வேண்டும். இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஆன்டெனாவைக் கம்பத்தின் மேலே மாட்டி, மெல்லிய கோஆக்ஸ் ஒயரில் 10 மீட்டர் கீழே இழுத்து ரௌட்டரில் செருகுகிறார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அந்த மெல்லிய ஒயர் மீட்டருக்கு முக்கால் டிபி தின்கிறது. ஆன்டெனா கொடுத்த 9 டிபியில் 7 வழியிலேயே போய்விடும். ரௌட்டரையே மழை புகாத பெட்டியில் வைத்துக் கம்பத்தில் ஏற்றி, கீழே லேன் ஒயரை இறக்குவதுதான் சரி. பிஓஇயில் ஓடும் வெளிப்புற 4ஜி சிபிஇ (ஆன்டெனாவோடு சேர்ந்த ரௌட்டர்) என்றே தனியாகக் கிடைக்கிறது, செலவு கொஞ்சம் கூடினாலும் அதுவே மேல்.

அடுத்தது சிம். ‘அன்லிமிடெட் 5ஜி’ பேக் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 4ஜி ரௌட்டரில் அந்தச் சலுகை இல்லை, தினசரி ஒதுக்கீட்டிலிருந்துதான் கழியும். அது தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ். அதில் சப் ஸ்ட்ரீம்கூட நகராது. நள்ளிரவு தாண்டியதும் சரியாகிவிடுவதால், ‘ராத்திரி மட்டும் கேமரா வரமாட்டேங்குது’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ். ஒன்று மறந்தாலும் அன்றைக்குத்தான் திருடன் வருவான். வருடாந்திர பேக் போட்டுவிடுங்கள். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், வேலையை விட்டுப் போகக்கூடிய மேனேஜர் பெயரில் வேண்டாம்.

போர்ட் ஃபார்வர்டிங் ஏன் வேலை செய்யாது

பிராட்பேண்டில் கேமரா மாட்டிப் பழகியவர்கள் 4ஜியிலும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது வெளியிலிருந்து என்விஆருக்கு நேராக வர ரௌட்டரில் வாசல் திறந்து, மாறும் ஐபிக்கு நிலையான பெயர் தரும் டிடிஎன்எஸ் வைத்து, இரண்டு நாள் மல்லுக்கட்டுவார்கள். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்களை வைக்கின்றன. ஒரே கதவிலக்கத்தில் பல குடித்தனம் இருக்கும் வீடு மாதிரி. உள்ளிருந்து வெளியே கடிதம் போகும். வெளியிலிருந்து அந்தக் கதவிலக்கத்துக்கு வரும் கடிதம் எந்தக் குடித்தனத்துக்கு என்று தபால்காரருக்குத் தெரியாது. ரௌட்டரில் வான் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் அதுதான் நிலைமை. ஏர்ஃபைபரிலும் சாட்டிலைட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

தீர்வு, கேமரா பக்கத்திலிருந்தே இணைப்பு கிளம்ப வேண்டும். ஹிக்-கனெக்ட், டிஎம்எஸ்எஸ், ஜிசிமாப் போன்ற ஆப்கள் செய்வது அதைத்தான். என்விஆரில் பி2பி அல்லது பிளாட்ஃபார்ம் ஆக்சஸ் என்பதை ஆன் செய்து, க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. பத்துக்கு ஒன்பது பேருக்கு இது போதும்.

வெவ்வேறு கம்பெனிக் கேமரா கலந்திருந்தால், அல்லது படம் உற்பத்தியாளரின் சர்வரைத் தொடக் கூடாது என்று நினைத்தால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு மட்டுமான தனிப் பாதை) நல்லது. தோப்பில் ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர், அல்லது டெயில்ஸ்கேல் ஓடும் ஜிஎல்-ஐநெட் ரௌட்டர் வைத்து, தோப்பு நெட்வொர்க்கான 192.168.10.0/24 முழுவதையும் அதன் வழியாக அறிவித்தால், போனிலிருந்து ஒவ்வொரு கேமராவையும் உள்ளூர் ஐபியிலேயே திறக்கலாம். வீட்டு நெட்வொர்க்கும் தோப்பு நெட்வொர்க்கும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் குழம்பும், தோப்புக்கு வேறு வரிசை கொடுங்கள். வயர்கார்டு என்ற மற்றொரு விபிஎன்னை வாடகை சர்வரில் சொந்தமாக ஓட்டுபவர்கள் தோப்புப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 நொடி வைக்காவிட்டால் சில நிமிடத்தில் பாதை மூடிக்கொள்ளும். இதன் குறை: ஆள் வந்தால் போனில் மணியடிக்கும் அலர்ட் தானாக வராது. நிலையான பொது ஐபி தரும் சிம் நிறுவனக் கணக்குகளுக்குக் கிடைக்கும். ஆனால் அதில் என்விஆரைத் திறந்த வாசலோடு வைப்பது, பூட்டைத் தேடி அலையும் ரோபோக்களுக்கு விருந்து வைப்பது.

ஒன்றிரண்டு கேமரா போதுமென்றால்: சிம் கேமரா

கேமராவுக்குள்ளேயே சிம் போடும் வகை. கேட், கம்பி அடுக்கிய இடம் என ஒரு முனையை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், நான்கைந்து மாதத்தில் கழற்றப்போகும் கட்டுமான இடம் என்றால், இது நல்ல தேர்வு. மூன்றாவது கேமரா வரும்போது மூன்றாவது சிம், மூன்றாவது ரீசார்ஜ் என்று ஆகும்போது 4ஜி ரௌட்டரே மலிவு.

இதிலும் இரண்டு இனம். அடாப்டரில் நாள் முழுதும் பதிவு செய்வது ஒன்று. சின்ன சோலார் பேனலோடு, பேட்டரியில் தூங்கிக்கொண்டிருந்து, உடல் சூட்டை உணர்ந்து விழிப்பது மற்றொன்று. கடையில் பெரும்பாலும் காட்டுவது இரண்டாவதை. அது விழித்துப் பதிவைத் தொடங்க ஒன்றிரண்டு நொடி ஆகும், அதற்குள் வேகமாக நடப்பவர் பாதி தூரம் போயிருப்பார். உணரும் தூரம் எட்டு, பத்து மீட்டர்தான். அந்த உணர்வி பார்ப்பது உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. சித்திரை மாத மாலையில் சுவரே 37 டிகிரியில் இருக்கும்போது ஆள் தெரியாமல் போவார். மாடு, நாய், ஆடும் மட்டை எல்லாம் எழுப்பினால் இரண்டே நாளில் பேட்டரி காலி. தோப்பு வாசலுக்குச் சரி. ஆதாரம் தேவைப்படும் இடத்துக்குத் தொடர்பதிவு வகையே வேண்டும். அது சராசரி 3 வாட் என்றால் நாளைக்கு 72 வாட் மணி. ஐப்பசி, கார்த்திகை மேகத்தையும் கணக்கில் வைத்து 40 முதல் 50 வாட் பேனல், 12.8 வோல்ட் 20 ஏஹெச் லித்தியம் பேட்டரி போட்டால் மூன்று நாள் வெயில் இல்லாமலும் தாங்கும்.

128 ஜிபி கார்டு 1.5 எம்பிபிஎஸ்ஸில் சுமார் ஏழு நாள் வைத்திருக்கும். போனுக்கான சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதுவதற்குச் செய்ததல்ல. ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்டதை வாங்குங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனையோடு கூடிய கட்டாயப் பதிவு தேவை. பெயரில்லாத பெட்டியில் வரும் சிம் கேமராவில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர்ஃபைபரும் சாட்டிலைட்டும்

2023-இல் ஏர்டெலும் ஜியோவும் தொடங்கிய 5ஜி ஏர்ஃபைபர், ஊர் எல்லைக்கு ஒட்டிய கோழிப்பண்ணை, குடோன், பண்ணை வீடுகளுக்குப் பொருந்தும். மாதம் 1 டிபி அளவுக்கு டேட்டா வருவதால் டிவியில் ஓடவிடும் ஆசையும் நிறைவேறும். 5ஜி சிக்னல் இல்லாத இடத்தில் பேச்சே இல்லை. முகவரியைக் கொடுத்துக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

எந்த மொபைல் சிக்னலும் எட்டாத மலைத் தோட்டத்துக்குத்தான் சாட்டிலைட். இலங்கையில் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது, மலேசியாவில் 2023 முதல் இருக்கிறது. இந்தியாவில் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. உங்கள் பின்கோடில் இணைப்பு தருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தைவிடப் பெரிய தடை கரண்ட்: வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட், சின்ன மினி வகை 25 முதல் 40 வாட். கேமராக்கள் மொத்தமும் தின்பதைவிட டிஷ் தனியாக அதிகம் தின்னும்.

கரண்ட் கணக்கு

நான்கு பிஓஇ கேமரா, பகலும் இரவும் சராசரி 5 வாட் வீதம் 20. டிஸ்கோடு என்விஆர் 12. சுவிட்ச் 4. ரௌட்டர் அல்லது பிரிட்ஜ் 7. மொத்தம் 43, கணக்குக்கு 45 வாட். நாளைக்கு 1080 வாட் மணி, ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மோட்டார் ரூமில் மும்முனை மின்சாரம் நேரம் வைத்து வந்து போகிறதென்றால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி நிரம்பும் அளவுக்குச் சார்ஜர் வேண்டும். முழுக்கச் சோலார் என்றால், மழைக்காலத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர வெயிலை வைத்து 540 வாட் பேனல் ஒன்று, இரண்டு நாள் தாங்க 12.8 வோல்ட் 200 ஏஹெச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 150 ஏஹெச் மூன்று வேண்டியிருக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் காசு பிடிக்க வேண்டாம். 540 வாட் பேனல் 41 வோல்ட்டில், 13 ஆம்பியரில் ஓடுவது. மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் அதை 12 வோல்ட் பேட்டரியோடு நேரே கட்டி 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 540 வாட்டில் 175 வாட்தான் பேட்டரிக்குப் போகும். 100 வோல்ட் தாங்கும், 40 ஆம்பியர் எம்பிபிடி வகை (பேனலின் முழுச் சக்தியையும் பேட்டரி வோல்ட்டுக்கு மாற்றித் தருவது) வேண்டும். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்கி மறுபடி அடாப்டரில் 12 வோல்ட்டாக்குவதும் வீண். இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே 10, 15 வாட் எடுக்கும். என்விஆரும் ரௌட்டரும் 12 வோல்ட்டில் நேராக ஓடும். கேமராவுக்கு 12 வோல்ட்டில் இயங்கும் பிஓஇ சுவிட்ச் கிடைக்கிறது.

கடையில் விற்கும் சின்ன ரௌட்டர் யூபிஎஸ்ஸின் உள்ளே சுமார் 32 வாட் மணிதான் இருக்கும். ரௌட்டரை மூன்று மணி நேரம் பிடிக்கும். என்விஆரையும் அதில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம்கூட நிற்காது.

இந்தச் செலவு மலைப்பாக இருந்தால் என்விஆரை விட்டுவிட்டு, கார்டு போட்ட இரண்டே கேமராவும் ரௌட்டரும் வையுங்கள். 20 வாட்டில் அடங்கும். 250 வாட் பேனலும் 100 ஏஹெச் பேட்டரியும் போதும். நடைமுறையில் மோட்டார் ரூம், கேட் இரண்டும் தெரிந்தால் தோப்புக்காரருக்கு வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

எங்கே இடறும்

எல்லாம் மாட்டிய பிறகு ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்றே நின்றால் முதலில் என்விஆரின் நெட்வொர்க் பக்கம். நிலையான ஐபி கொடுத்துவிட்டு கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விட்டிருப்பார்கள், அல்லது பழைய பிராட்பேண்டின் 192.168.1.1 அப்படியே இருக்க, புது ரௌட்டர் 192.168.8.1-இல் இருக்கும். கேட்வேயில் ரௌட்டரின் ஐபி, டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 போட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். ஜியோ சிம் என்றால் ரௌட்டர் அமைப்பில் ஏபிஎன் (நிறுவனத்தின் இணைப்புப் பெயர்) ஜியோநெட், வகை ஐபிவி4-ம் ஐபிவி6-ம் சேர்ந்தது.

ரௌட்டர் வாரத்துக்கு ஒருமுறை உறைந்து நிற்கும். அதற்காக யாரும் தோப்புக்குப் போக முடியாது. தினம் காலை 4 மணிக்குத் தானே ரீபூட் ஆகும்படி அமைப்பில் வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் டிஜிட்டல் டைமர் பிளக். பெட்டி வெள்ளை நிறமாக, நிழலில், கீழே காற்றுத் துளையோடு இருக்கட்டும். துளைக்குக் கொசுவலை ஒட்டாவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். இரவில் அலர்ட் நூற்றுக்கணக்கில் வந்தால் திருடன் வரவில்லை, இன்ஃப்ராரெட் விளக்கின் முன்னால் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. மோஷன் அலர்ட்டை அணைத்து, மனிதரை மட்டும் இனம் காணும் அலர்ட்டை வைத்து, மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்கச் சொல்லுங்கள்.

இடிக்கு, கம்பத்திலிருந்து அறைக்கு வரும் ஒவ்வொரு லேன் ஒயரிலும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டு, அதை உண்மையான எர்த் குழியோடு இணைக்க வேண்டும். எர்த் இல்லாத சர்ஜ் ப்ரொடெக்டர் வெறும் கண்ணேறு கழிப்பு. மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் அதே லைனில் என்விஆரைச் செருகாதீர்கள், ஸ்டார்ட்டர் தட்டும்போதெல்லாம் வோல்ட்டேஜ் இறங்கி டிஸ்க் போகும்.

என்விஆரையே தூக்கிப் போவதும் நடக்கிறது. ரௌட்டர் விளக்கு மின்னும் பெட்டிக்குள்ளேயே அதை வைக்காமல் வேறு மூலையில், பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். அறைக் கதவைப் பார்க்கும் கேமராவில் மட்டும் கூடுதலாக ஒரு கார்டு போட்டுவிடுங்கள். 1 டிபி டிஸ்க் நான்கு கேமராவுக்கு இரண்டு வாரம் வைத்திருக்கும்.

மாட்டியவரை அனுப்பும் முன் மெயின் சுவிட்சையும் பேட்டரியையும் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டு, யாரும் எதையும் தொடாமல் எல்லாம் தானாக எழுகிறதா என்று பாருங்கள். தோப்பு வைஃபையில் நின்றபடி ஆப் திறந்தால் எப்போதும் படம் வரும், அதைச் சோதனை என்று காட்டுவார்கள். போனில் வைஃபையை அணைத்து, உங்கள் சொந்த மொபைல் டேட்டாவில், இரவு ஒன்பது மணிக்குத் திறந்து, நேற்றைய பதிவில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.